நூற்றுக்குப் பத்து

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நூம்பலில் கீரை போடுகிறவர்களுக்கு நிம்மதி போய்விடும். பாத்தியில் ஒரு நாள் தண்ணீர் நின்றால் தண்டு கறுக்கும். இரண்டு நாள் நின்றால் வேர் அழுகி, பிடுங்கும்போதே கையில் வழுக்கும். சரசாவிடம் இருந்தது முப்பது சென்ட். மூன்று பக்கமும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். மண் கொட்டி மேடாக்கிக் கட்டியவை. அவற்றின் மதில் ஓட்டைகளிலிருந்து வடிகிற தண்ணீரெல்லாம் தாழ்ந்து கிடந்த இந்தத் துண்டில்தான் வந்து விழும். விடியும்போதே மண்வெட்டியோடு இறங்கி, பாத்திகளுக்கு நடுவில் வாய்க்கால் கீறி, தண்ணீரை ரோட்டோரக் கால்வாய்க்குத் தள்ளிவிட்ட பிறகுதான் அவள் கீரை பிடுங்கத் தொடங்குவாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. இடது மணிக்கட்டு கோணியிருக்கும், விரல்கள் முழுதாக மூடாது. அதனால் வாழைநாரின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சுற்றி இழுத்துக் கட்டுவாள். குமணன்சாவடி மார்க்கெட்டில் சரசா கட்டு அவிழாது என்று பெயர். மெட்ரோ தூண்களுக்குக் கீழே சாக்கை விரித்து உட்கார்ந்தால் ஒன்பது மணிக்குள் முளைக்கீரையும் சிறுகீரையும் தீர்ந்துவிடும்.

மணிக்கட்டை அப்படி ஆக்கியவன் அவள் புருஷன் எத்திராஜ். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், மண்வெட்டிக் காம்பால் அடித்தது. தன் பங்கு நிலத்தை வீட்டில் சொல்லாமல் கட்டடக்காரனுக்கு விற்றுவிட்டு வந்திருந்தான். ஏன் என்று அவள் கேட்டாள். கை வீங்கி மூன்று நாள் கிடந்தாள். மூன்றாம் நாள் அவளுடைய அண்ணன் ஏகாம்பரம் தற்செயலாக வந்தவன் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். எலும்பு அதற்குள் கோணலாகவே பொருந்த ஆரம்பித்திருந்தது.

விற்ற காசு எத்திராஜிடம் நான்கு வருடம்கூட நிற்கவில்லை. பிறகு அதே நிலத்தில் எழும்பிய குடியிருப்பின் கேட்டில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தான். நீலச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, தன் அப்பன் ஏர் ஓட்டிய மண்ணுக்குள் போகிற கார்களுக்கு சல்யூட் அடித்தான். அந்த ஆத்திரமும் வீட்டுக்குத்தான் வந்தது. அவர்களிடம் மீந்திருந்த முப்பது சென்ட் சரசாவின் அப்பா அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தது. அதிலும் கையெழுத்துக் கேட்டு அவன் எத்தனையோ முறை அடித்திருக்கிறான். மற்ற எல்லாவற்றிலும் அவனுக்குப் பணிந்து போனவள் அதில் மட்டும் பணியவில்லை.

போன தை மாதம் அவனுக்கு இருமலில் ரத்தம் வந்தது. நுரையீரலில் கட்டி என்றார்கள். நான்கு முறை கீமோ ஏற்றினார்கள். முடி போனது, வாய் வெந்தது, கட்டி மட்டும் வளர்ந்தது. கடைசியில் பெரிய டாக்டர், உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே தூண்டிவிடுகிற புது ஊசி ஒன்று இருப்பதாகச் சொன்னார். வருடக்கணக்கில் மூன்று வாரத்துக்கு ஒன்று போட வேண்டும். கம்பெனி சிலவற்றை இலவசமாகக் கொடுத்தாலும், மீதிப் பணத்தை முப்பது சென்ட்டை விற்றால்தான் கட்ட முடியும். அந்த ஊசி எல்லாருக்கும் கேட்காது. யாருக்குக் கேட்கும் என்று ஓரளவு முன்கூட்டியே காட்டுகிற பரிசோதனை ஒன்று உண்டு, முதலில் அதைப் பார்ப்போம் என்றார். கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு பெங்களூருக்குப் போனது. பதில் வர மூன்று வாரம்.

பதில் வந்த நாளில் எத்திராஜ் வார்டில் இருந்தான். நெஞ்சில் சேர்ந்த நீரை எடுக்க விலாவில் குழாய் போட்டிருந்தார்கள். மகன் நிர்மல் பூந்தமல்லி பக்கத்துக் குடோன் ஒன்றில் வேன் ஓட்டுகிறவன். அன்று அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. சரசா மார்க்கெட்டில் மிச்சமிருந்த கட்டுகளைப் பக்கத்துக் கடை விஜியிடம் விட்டுவிட்டு, ஈரப் புடவையோடு பஸ் பிடித்துப் போனாள்.

நோயாளி வீட்டாருக்கு விளக்கிச் சொல்வதற்கென்று அந்த ஆஸ்பத்திரியில் ஜெபா என்று ஒரு சிஸ்டர் இருந்தாள். அவசரப்படாதவள். சரசாவை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, ஒரு தாளில் வட்டம் போட்டாள். இதுதான் கட்டி என்றாள். உடம்பில் காவலுக்கென்றே அணுக்கள் இருக்கின்றன, அவை கட்டிக்குள் நுழைந்து சண்டை போட வேண்டும் என்று சொல்லி, வட்டத்தைச் சுற்றிப் புள்ளிகள் வைத்தாள்.

"சில பேருக்கு அதுங்க உள்ள போயிருக்கும்மா. ஆனா கட்டி அதுங்க கையக் கட்டிப் போட்டிருக்கும். இந்த ஊசி அந்தக் கட்ட அவுத்து விடுது. அவ்வளவுதான் அதோட வேலை. உள்ள சண்டை நடக்குதா இல்லையான்னு சில ஜீன்கள் காட்டிக்கொடுக்கும். நடந்தா அதெல்லாம் சத்தமா வேலை செய்யும். அய்யாவோட கட்டியில அந்த ஜீன் எல்லாம் அமைதியா இருக்கு. காவலுக்கு யாரும் உள்ளேயே வரல."

சரசாவுக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருடமாகச் சண்டையைத் தவிர வேறெதுவும் தெரியாத உடம்பு அது. அதற்குள்ளே சண்டை போட ஆளில்லை என்று ஒரு பெண் படம் வரைந்து காட்டிக்கொண்டிருக்கிறாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப ஊசி வேஸ்ட்டாம்மா?" என்று கேட்டாள்.

"அப்படிச் சொல்ல முடியாது. இந்த டெஸ்ட்டுல மார்க்கு நல்லா வந்தவங்கள்ல நூத்துக்கு நாப்பது பேருக்குக் கேக்குதுன்னா, கம்மியா வந்தவங்கள்லயும் பத்து பேருக்குக் கேக்குது. கேட்டவங்க சில பேர் வருஷக்கணக்கா நல்லாவும் இருக்காங்க. இந்த டெஸ்ட்டு கதவ மூடுறது இல்லம்மா. எவ்வளவு தெறந்திருக்குன்னு சொல்லுது."

வீட்டில் பேசிப் பத்து நாளுக்குள் சொல்லுங்கள், தெம்பு இருக்கும்போதே ஆரம்பித்தால்தான் பலன் என்று சொல்லி, ஜெபா சரசாவின் போன் நம்பரைக் குறித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை. வேலப்பன்சாவடி வரை சாரல் முகத்தில் அடித்தது. சரசா நகர்ந்து உட்காரவில்லை. நூறு பேரில் பத்துப் பேர். நூறு கட்டில் பத்துக் கட்டு அழுகினால் அவள் கவலைப்பட்டதில்லை. பத்து மட்டும் தேறினால் அந்தப் பாத்தியை அப்படியே உழுதுவிடுவாள். ஆனால் இது கீரை இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அன்று சாயங்காலம் நிர்மல் வந்தான். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றபடி என்ன ஆச்சு என்று கேட்டான். அவன் பெண்டாட்டி ரேகா உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"கேக்காதாம்டா," என்றாள் சரசா.

"சுத்தமாவா?"

"சுத்தமா."

நிர்மல் தலையாட்டினான். அப்பனுக்காக வருத்தப்பட்டான், அதில் பொய் இல்லை. ஆனால் அவன் தோள் இரண்டும் இறங்கியதைச் சரசா பார்த்தாள். புருஷனும் பெண்டாட்டியும் ஆவடிக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருந்தார்கள். என்றைக்காவது இந்த முப்பது சென்ட்டை விற்று வாங்கலாம் என்ற நினைப்பு அவர்களுக்கு இருந்தது. ரேகா, யாரும் கேட்காமலே, மாமியாருக்கு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

எத்திராஜைக் குழாய் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவனிடமும் சரசா அதையேதான் சொன்னாள். அவன் முன்னறையில் கட்டிலைப் போட்டு, வாசலைப் பார்க்கிற மாதிரி படுத்துக்கொண்டான். சரசா அவனுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. காலையில் நொய்க்கஞ்சி, மதியம் குழைய வேகவைத்த சோற்றில் கீரையைக் கடைந்து ஊற்றி, காரமில்லாமல். உடம்பு துடைத்துவிட்டாள், சளிச் சட்டியைக் கழுவினாள். ஒரு நாள் கஞ்சி சூடாக இருக்கிறது என்று அவன் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். அவள் துடைத்துவிட்டு அடுத்த கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். கருவாட்டுக் குழம்புக்கு ஆசைப்பட்டுக் கேட்டான். செய்து கொடுத்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், இப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு பெண்டாட்டியா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் சாகப்போகிறான் என்பது அவளுக்குத் தெரியும், அதைத் தான் தள்ளிவைக்கவில்லை என்பதும் தெரியும். தெரிந்துதான் சோற்றை அவ்வளவு குழைய வடித்தாள்.

டெஸ்ட் பதில் வந்த பன்னிரண்டாம் நாள் மழை கொட்டியது. போன் நனைந்துவிடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனாள். மழையில் வரத்துக் குறைவு. கீரைக்கு அடிதடி. சீக்கிரமே விற்றுத் திரும்பினாள். எத்திராஜ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். போன் அவன் மடியில் கிடந்தது.

அவள் அன்று தேறாத கீரையைக் கொட்டி வீட்டுக்கு ஆய ஆரம்பித்தாள். அதைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்.

"சிஸ்டர் போன் பண்ணிச்சிமே. இன்னா முடிவு பண்ணீங்கன்னு கேக்குது."

சரசா பழுத்த இலைகளைக் கிள்ளி ஒரு பக்கம் போட்டாள்.

"பத்து பேருக்குக் கேக்குமாமே."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

அவள் இன்னொரு தண்டை எடுத்தாள். அவன் கட்டிலை விட்டு இறங்கினான். மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவளெதிரில் தரையில் உட்கார்ந்தான். அவன் அப்படி அவளுக்குச் சரிசமமாகத் தரையில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. அவனுடைய முழங்கால் இரண்டும் கைலிக்குள் கட்டைபோலத் துருத்திக்கொண்டிருந்தன.

"பயமா கீதுமே," என்றான். "படுத்தா மூச்சு நின்னுடும்போல கீது. ஒரு கையெழுத்துதானே. போட்டுடு. நான் பொழச்சிக்கினா ஒங்கூட கீரை பிடுங்க வரேன். ஒன்ன ஒரு வார்த்த சொல்லமாட்டேன்."

கீரையில் இருந்த அவள் கை நின்றது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"கை ஒடஞ்சி மூணு நாளு கெடந்தேன். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சி. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போய்யான்னு ஒங்காலப் புடிச்சேன். நீ சட்டையப் போட்டுகினு பூந்தமல்லிக்கு சினிமாக்குப் போன. நெனப்புகீதா?"

"கீது."

"இல்லன்னு சொல்லுவன்னு நெனச்சேன்," என்றாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் தானாக எழுந்து கட்டிலுக்குப் போக முயன்று, முடியாமல், ரேகா வேலையிலிருந்து வரும்வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தான். சரசா அடுப்படியில் பருப்பு வேகவைத்தாள். அவன் உட்கார்ந்திருப்பது அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது.

ஆனாலும் அந்த 'கீது' அவளை விடவில்லை. அவன் மறந்திருந்தால் வெறுப்பது சுலபம். மூன்று நாள் யோசித்தாள். யோசித்து, ஒரு முடிவுக்கு வந்தாள். தானாக நிலத்தைக் கொடுக்க அவள் மனம் ஒப்பவில்லை. ஆனால் எப்படியும் நிர்மலுக்கு விஷயம் தெரிந்துவிடும். அவன் வந்து, அம்மா, நைனாவுக்கு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை கேட்டால், கையெழுத்துப் போட்டுவிடுவது. மகன் கேட்டான் என்று போடலாம். புருஷனுக்காக என்று இருக்காது. பத்திரத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து மஞ்சள் பையில் வைத்து, கைக்கெட்டுகிற மாதிரி ஆணியில் மாட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிர்மல் வீட்டில் இருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எத்திராஜ் கட்டிலிலிருந்தே சொன்னான். உன் அம்மா மறைத்துவிட்டாள், நூற்றில் பத்துப் பேருக்குக் கேட்குமாம், சிஸ்டரே சொன்னாள் என்று. வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி நிறுத்தித்தான் சொல்ல முடிந்தது. நிர்மல் அம்மாவைப் பார்த்தான்.

"ஆமா," என்றாள் சரசா. "சொன்னாங்க. நான்தான் சொல்லல."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். ரேகா ரசம் ஊற்ற வந்தவள் கரண்டியோடு நின்றாள். நிர்மல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு அப்பனைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துச் சொன்னான்.

"பத்துன்னா, தொண்ணூறு பேருக்குக் கேக்காதுன்னுதானே நைனா அர்த்தம்."

ரசத்தை ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினான். ரேகா ஊற்றினாள். எத்திராஜ் மகனையே பார்த்துக்கொண்டிருந்தான். இருமல் வந்தது. இருமி முடித்துத் துப்பிவிட்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் ஊசியைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை.

சரசா காத்திருந்தாள். இன்றைக்கு யோசிப்பான், நாளைக்குக் கேட்பான் என்று நினைத்தாள். நிர்மல் அந்த வாரம் முழுக்கக் காலை ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். அவள் பாத்தியில் இருக்கும்போதே கிளம்பிப் போனான், வந்ததும் அப்பனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தான், முதுகு தடவிவிட்டான், டிவி பார்த்தான். ஆணியில் மஞ்சள் பை தொங்கியது. எத்திராஜ் கஞ்சியை இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. கக்கூஸுக்குத் தானாக நடந்து போனவன் சுவரைப் பிடித்துக்கொண்டு போனான், பிறகு கட்டிலிலேயே என்று ஆனது. ஒரு நாள் அவனைத் துடைக்கத் தூக்கியபோது, கோணல் கையாலேயே தூக்க முடிகிற அளவுக்கு அவன் எடை குறைந்திருப்பதை அறிந்தாள். அவனைத் திரும்பப் படுக்கவைத்தாள். புடவையை மாற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

ஜெபாவுக்கு அவளை நினைவிருந்தது. நிலத்தை விற்றுப் பணம் கட்டுகிறேன், ஊசியை ஆரம்பித்துவிடுங்கள், இது பத்திரம் என்று சரசா பையை மேஜையில் வைத்தாள். ஜெபா அதைத் தொடவில்லை. அய்யா நடக்கிறாரா, தானாகச் சாப்பிடுகிறாரா, படுக்கையில் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சரசா உள்ளதைச் சொன்னாள். ஜெபா உள்ளே போய்ப் பெரிய டாக்டரிடம் பேசிவிட்டு வந்தாள். இப்போது ஊசி போட்டால் உடம்பு தாங்காது, ஊசியே ஆளைக் கொண்டுபோய்விடும், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள மருந்து தருகிறோம் என்றாள். மூன்று வாரத்துக்கு முன்னால் வந்திருக்கலாமே என்று அவள் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பதுபோல உதட்டை மடித்துக்கொண்டாள்.

சரசா எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லும்மா. அன்னைக்கே போட்டிருந்தா, இவரு அந்தப் பத்துல ஒருத்தரா, மத்த தொண்ணூறா?"

"அது யாருக்கும் தெரியாதும்மா."

"டெஸ்ட்டு எடுத்தீங்களே."

"டெஸ்ட்டு நூறு பேரப் பத்தித்தான் சொல்லும். ஒருத்தரப் பத்திச் சொல்லாது. போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

"இனிமே தெரியாதா?"

"தெரியாது."

திரும்பி வரும் வழியில், வீட்டுக்குப் போய் என்ன சொல்வதென்று அவள் ஒரு வார்த்தையைத் தயார் செய்துகொண்டாள். இல்லை என்று சொல்லிவிடுவது. அந்தப் பத்துப் பேரில் நீ இல்லையாம், போட்டிருந்தாலும் கேட்டிருக்காதாம் என்று. அவனுக்கும் ஆறும், தனக்கும் ஆறும். வேலப்பன்சாவடியில் இறங்கி, சேற்றில் நடந்து வீடு வந்து சேரும்வரை அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

எத்திராஜ் விழித்திருந்தான். மஞ்சள் பையைப் பார்த்ததும் அவள் எங்கே போய் வந்தாள் என்று புரிந்துகொண்டான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஊசிக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். கையைத் தூக்கி அவள் முந்தானையைப் பிடித்தான்.

"லேட்டாயிடுச்சாம்," என்றாள். "ஒடம்பு தாங்காதாம்."

பிடித்த கை அப்படியே இருந்தது. விடாமலே கேட்டான்.

"முன்னாடியே போட்டிருந்தா?"

தயார் செய்த வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. அவன் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண்ணை அவளுக்குத் தெரியும். காம்பை ஓங்கியபோதும் அதே கண்தான். அதற்கு ஒரு பொய்யைத் தானமாகக் கொடுக்க அவளால் முடியவில்லை.

"தெரியாதாம். போட்டிருந்தாத்தான் தெரிஞ்சிருக்குமாம்."

அவன் முந்தானையை விட்டான். அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தான். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் ரேகாவைக் கூப்பிட்டான். ரேகா இல்லாத நேரத்தில் தாகத்தோடு கிடந்தான். சரசா டம்ளரைக் கொண்டுபோய் உதட்டில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டான், தண்ணீர் கழுத்தில் வழிந்து தலையணையில் இறங்கியது. பன்னிரண்டாம் நாள் மதியம், அவள் பாத்தியில் இருந்தபோது, மூச்சு நின்றது. ரேகா வந்து மதிலோரம் நின்று கூப்பிட்டாள். சரசா பிடுங்கிய வரைக்கும் கட்டிவைத்துவிட்டு வந்தாள்.

காரியம் முடிந்த மறு வாரம் மழை விட்டு வெயில் வந்தது. சரசா புதிதாக விதை தெளித்திருந்த பாத்திகளில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிர்மல் ஒரு ஆளோடு வந்தான். பாஸ்கரன் என்று, நிலம் வாங்கி விற்றுக் கொடுக்கிறவன். சும்மா அளந்து மட்டும் பார்த்து வைக்கலாம், இப்போதே விற்கிறோம் என்றில்லை என்று நிர்மல் அம்மாவிடம் விளக்கினான். பாஸ்கரன் வணக்கம் வைத்துவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு மதில் பக்கம் போனான்.

சரசா எழுந்து நின்றாள். கையிலிருந்த களையை உதறினாள். அவன் அப்பன் செத்ததிலிருந்து சொல்ல நினைத்துச் சொல்லாமலிருந்ததை அப்போது சொன்னாள்.

"அன்னைக்கு நீ ஒரு வார்த்த கேட்டிருந்தீன்னா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்டா. பத்திரத்தக்கூட எடுத்து வச்சிருந்தேன்."

நிர்மல் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபமோ வெட்கமோ இல்லை.

"தெரியும்மா. பைய ஆணியில மாட்டினத நான் பாத்தேன். அதாலதான் கேக்கல."

மதிலோரத்திலிருந்து பாஸ்கரன் டேப்பின் நுனியைப் பிடிக்க ஆள் கேட்டுக் கூப்பிட்டான். நிர்மல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு விரல் உயரம் முளைத்திருந்த சிறுகீரைப் பாத்தியை மிதித்துக்கொண்டு குறுக்கே நடந்து போனான்.